கொலைக்கலம் என்று பெயர் வைத்தது யார்?



கடந்த மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் என் தங்கை தன் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேநீர் குடித்து முடியும்வரை இருவரும் ஊர்க்கதை பேசினார்கள். பிறகு தங்கை தன் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஓர் அறிக்கையை எடுத்து என் மடியில் வைத்தாள். அதில் ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"அக்கா, நீங்கள் உயிரியல் படிப்பிச்சனீங்கள்தானே. இதை ஒருக்காப் பாருங்கோ. இவளின்ர இரத்தத்தில கொலைக்கலம் கூடவாம். அதுகள்தான் பிள்ளையைக் கொல்லுதாம்."

என் பெறாமகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு வருடங்களில் அவளுக்கு இரண்டு கருச்சிதைவுகள். முதலாவது 7 ஆம் வாரத்தில், இரண்டாவது 9 ஆம் வாரத்தில். யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துவிட்டு, அடுத்த முறை கர்ப்பம் தரித்தால் பால்போன்ற ஒரு திரவத்தைச் சில தடவைகள் நாளத்தில் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கான செலவைக் கேட்ட என் தங்கை, தன் காப்பு இரண்டையும் அடகு வைக்கத் தீர்மானித்திருந்தாள்.

தங்கை கிணற்றடிக்குப் போன நேரத்தில்தான் மகள் வாய் திறந்தாள். "பெரியம்மா, என்ர உடம்பே என்ர பிள்ளையைக் கொல்லுதெண்டால் நான் என்ன செய்யிறது?"

அந்தக் கேள்வி என்னை 1984 க்குக் கொண்டுபோனது. என் முதற் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது, "பப்பாசிப்பழம் தின்றவள்" என்று மாமி சொன்ன ஒரு வார்த்தையைப் பல வருடங்கள் சுமந்தேன். உயிரியல் பட்டதாரியாக இருந்தும் அதை நம்பினேன் என்பதை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. (காயின் பாலில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் பொருட்கள் உண்டென்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். நன்கு பழுத்த பழத்தில் அந்தக் குற்றம் இல்லை.) அன்று பப்பாசி, இன்று கொலைக்கலம். குற்றவாளி மட்டும் மாறவேயில்லை.

அந்த அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மாதம் அவகாசம் தரும்படி தங்கையிடம் கேட்டேன். வெளிநாட்டிலுள்ள என் பழைய மாணவி ஒருத்தியிடம் ஆய்வுக் கட்டுரைகளைக் கேட்டு வாங்கி, இரவுகளில் கண்ணாடியும் அகராதியுமாக உட்கார்ந்து வாசித்தேன். வாசித்ததை என் பெறாமகளுக்குச் சொன்னேன். அதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

மெடவாரின் கேள்வி

பிள்ளையின் பரம்பரையலகுகளில் பாதி தந்தையுடையவை. ஆகவே தாயின் நிர்ப்பீடனத் தொகுதிக்குப் பிள்ளை பாதி அந்நியம். அதே பிள்ளை வளர்ந்து தன் சிறுநீரகத்தைத் தாய்க்குக் கொடுத்தால், மருந்துகள் இல்லாவிடின் தாயின் உடல் அதை நிராகரிக்கக்கூடும். ஆனால் ஒன்பது மாதங்கள் வயிற்றில் சுமந்தபோது நிராகரிக்கவில்லை. எப்படி?

1953 இல் இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் பிரித்தானிய விஞ்ஞானி பீற்றர் மெடவார். இரண்டாம் உலகப் போரில் தீக்காயமடைந்தவர்களுக்குத் தோல் ஒட்டும் முயற்சிகளில் ஈடுபட்டு, பிறருடைய தோலை உடல் ஏன் தள்ளிவிடுகிறது என்று ஆராய்ந்தவர். 1960 இல் நோபல் பரிசு பெற்றவர். தாயும் சேயும் ஒரு தடுப்பால் பிரிக்கப்பட்டிருக்கலாம், சிசு இன்னும் தன்னை அடையாளம் காட்டுமளவுக்கு முதிராமல் இருக்கலாம், அல்லது தாயின் நிர்ப்பீடனம் கர்ப்பகாலத்தில் உறங்கியிருக்கலாம் என மூன்று விடைகளை அவர் ஊகித்தார். மூன்றுமே முழுமையாகச் சரியல்ல என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஆனால் "கர்ப்பிணியின் எதிர்ப்புச் சக்தி உறங்க வேண்டும்" என்ற எண்ணம் மட்டும் பலர் மனதில் தங்கிவிட்டது. என் மடியில் கிடந்த அறிக்கையும் அந்த எண்ணத்தின் பேரப்பிள்ளைதான்.

உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. கருப்பையின் உட்படையில், முதல் மூன்று மாதங்களில், நிர்ப்பீடனக் கலங்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறுகின்றன. அவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது, இந்த 'இயற்கைக் கொலைக் கலங்கள்' எனப்படும் என்.கே. கலங்களே. ஒவ்வொரு மாதமும் சூல் வெளியேறிய பின் இவை அங்கே பெருகுகின்றன. கரு தங்காவிட்டால் மாதவிடாயோடு போய்விடுகின்றன. அதாவது கருவை எதிர்பார்த்து வந்து நிற்கின்றன. கொலை செய்ய வருபவர்கள் இப்படி மாதாமாதம் வந்து காத்திருப்பார்களா?

பெயர் வந்த கதை எளிது. 1970களில் இரத்தத்திலுள்ள இவற்றின் உறவினர்களைக் கண்டவர்கள், அவை புற்றுநோய்க் கலங்களை முன்பயிற்சி இல்லாமலே அழிப்பதைப் பார்த்து அப்படி அழைத்தார்கள். பின்னர் கருப்பையிலிருந்த கலங்களுக்கும் அந்தக் குடும்பப் பெயரே ஒட்டிக்கொண்டது. நம்மவர் சூல்வித்தகத்துக்கு 'நஞ்சுக்கொடி' என்று பெயர் வைத்ததும் ஞாபகம் வருகிறது. பிள்ளைக்குச் சோறூட்டும் கொடிக்கு நஞ்சென்று பெயர்!

கருப்பை என்.கே. கலங்களின் முக்கிய வேலை, கருவோடு வரும் சூல்வித்தகக் கலங்களுக்கு வழிவிடுவதும் எல்லை காட்டுவதும் ஆகும். தாயின் கருப்பையில் சுருள் சுருளாக ஓடும் சிறிய நாடிகள் இருக்கின்றன. அவை அகன்று தளர்ந்தால்தான் பிற்பாதியில் பிள்ளைக்குப் போதிய இரத்தம் கிடைக்கும். இந்தக் குழாய்களை அகலமாக்கும் வேலையை என்.கே. கலங்களும் சூல்வித்தகக் கலங்களும் சேர்ந்தே செய்கின்றன. என்.கே. கலங்கள் இல்லாத எலிகளில் அந்த நாடிகள் ஒழுங்காக விரிவதில்லை.

2004 இல் கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெற் அம்மையாரின் குழுவினர் வெளியிட்ட ஒரு முடிவை நான் இரண்டு தடவை வாசித்தேன். பிள்ளையிடமிருந்து வரும் குறியினால் தாயின் என்.கே. கலங்கள் மிகையாக அடக்கப்படும் சோடிகளில்தான், கர்ப்பகால உயர் குருதியமுக்க நோய் கூடுதலாகக் காணப்பட்டது. கலங்கள் ஆவேசப்பட்டதால் அல்ல, அடங்கிக் கிடந்ததால் வந்த கேடு! அப்படியானால் இவற்றை அடக்க மருந்து ஏற்றுவது எதற்கு?

ஓலையும் புளியங்கட்டையும்

ஒரே கலம் ஓரிடத்தில் கொலைகாரனாகவும் இன்னோரிடத்தில் கொத்தனாராகவும் இருப்பது எப்படி? இதற்கான விடையின் ஒரு பகுதி, அண்மைக் காலங்களில், யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. அது கலத்தின் அடுப்படி. அந்தக் கலம் எதை எரித்து உயிர்வாழ்கிறது என்பதை ஆராயும் துறை. பாடப்புத்தகத்தில் அனுசேபம் என்று நாங்கள் படித்த விடயம்.

எங்கள் அம்மா அடுப்பு மூட்டுவதை நினைத்துப் பாருங்கள். காய்ந்த தென்னோலையைத் திணித்தால் பக்கென்று எரியும், கொஞ்ச நேரத்தில் அணையும். புளியங்கட்டை மெல்லப் பற்றி, நின்று எரியும். கலமும் அப்படித்தான். குளுக்கோசை ஒட்சிசன் இல்லாமலே பாதியில் உடைத்து, கழிவை இலத்திரிக் அமிலமாக வெளியேற்றுவது ஓலை நெருப்பு. ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்கு 2 ஏ.ரி.பி.தான் மிஞ்சும், ஆனால் வேகமாகக் கிடைக்கும். அதையே இழைமணிக்குள் கொண்டுபோய் ஒட்சிசனோடு முழுதாக எரித்தால் ஏறத்தாழ 30 முதல் 32 வரை கிடைக்கும். (நான் படிப்பித்த காலத்தில் 38 என்று எழுதுவித்தேன். என் பழைய மாணவிகள் மன்னிக்க வேண்டும்.)

சண்டைக்குக் கிளம்பும் ரி கலங்கள் ஓலை நெருப்புக்கு மாறுகின்றன. விரைவாகப் பெருக வேண்டியவற்றுக்கு வேகமும் வேண்டும், புதுக் கலம் கட்ட மூலப்பொருளும் வேண்டும். பாதியில் உடைந்த குளுக்கோசு இரண்டையும் தருகிறது. சண்டையை நிறுத்தி வைக்கும் இன்னொரு வகை ரி கலங்கள் இருக்கின்றன. ஒழுங்காக்கும் ரி கலங்கள் என்பார்கள். அவை பெரும்பாலும் கொழுப்பை இழைமணியில் மெதுவாக எரித்து வாழக்கூடியவை. இவற்றை ஆராய்ந்ததற்காகவே ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும் அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பத்தில் இவற்றின் பங்கை 2004 இல் எலிகளில் காட்டியவர்கள் அலுவிகாரை, கலிகூர்டிஸ், பெற்ஸ் என்ற மூவர். இக்கலங்களை நீக்கியபோது, தந்தைவழி அந்நியமான குட்டிகள் தங்கவில்லை. அலுவிகாரை என்ற பெயரை அந்தக் கட்டுரையின் தலைப்பில் கண்டபோது, மாத்தளை வீதியில் ஒரு தெரிந்த பெயர்ப்பலகையைக் கண்டதுபோல இருந்தது.

இனி இந்த இரண்டு வகையினரையும் கருப்பைக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே அடுப்படி யாருக்குச் சாதகமாக இருக்கிறது?

ஆரம்ப வாரங்களில் சூல்வித்தகத்தைச் சுற்றி ஒட்சிசன் மிகக் குறைவு. 8 ஆம் வாரத்தில் அதன் அமுக்கம் 20 மில்லிமீற்றர் இரசத்துக்கும் கீழே இருக்கும். 12 ஆம் வாரத்தில்தான் 50 ஐத் தாண்டுகிறது. அதுவரை சூல்வித்தகக் கலங்களே அடைப்பான்கள்போல் நாடிகளின் வாயை அடைத்து வைத்திருக்கின்றன. கருவுக்கு உணவு கருப்பைச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. பிள்ளைக்கு மூச்சுக் குறைவா என்று பயப்பட வேண்டாம். உறுப்புகள் உருவாகும் அந்த நாட்களில் மிகுதியான ஒட்சிசன்தான் தீங்கு. கருவும் சூல்வித்தகமும் குளுக்கோசை வாங்கி நிறைய இலத்திரிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம். அது தேங்கிய இடத்தில், ஓலை நெருப்பை நம்பிய சண்டைக்கார ரி கலங்கள் திணறுகின்றன. கொழுப்பெரிக்கும் ஒழுங்காக்கிகள் தாக்குப்பிடிக்கின்றன. கழிவென்று நாங்கள் தள்ளிவைத்த பொருளே வாசற்காவல் செய்கிறது!

இதைவிட வியப்பானது 1998 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் டேவிட் மன், அன்ட்ரூ மெலர் ஆகியோரின் குழு கண்டது. திரிப்தோபேன் என்ற அமினோவமிலம் ரி கலங்கள் பெருக அவசியம். சூல்வித்தகப் பகுதியிலுள்ள ஒரு நொதியம் அதை உடைத்துத் தீர்த்துவிடுகிறது. அந்த நொதியத்தைத் தடுக்கும் மருந்தைக் கர்ப்பமான எலிகளுக்குக் கொடுத்தார்கள். தந்தை வேறு வம்சமான குட்டிகள் நிராகரிக்கப்பட்டன. தந்தையும் தாயும் ஒரே வம்சமான குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சண்டைக்காரனை அடித்து விரட்டாமல், அவன் சோற்றுப்பானையைக் கவிழ்த்துவிடும் உபாயம். ஆனால் அந்த நொதியத்தின் பரம்பரையலகே இல்லாமல் பிறந்த எலிகள் வழக்கம்போல் குட்டி போட்டன. ஒரு வேலி இல்லாவிட்டாலும் வேறு வேலிகள் உண்டு என்பது இதிலிருந்து விளங்குகிறது. ஒரேயொரு எண்ணை வட்டமிட்டு "இதுதான் காரணம்" என்று சொல்பவர்களை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

என்.கே. கலங்களுக்கு வருவோம். 2018 இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள், 6 முதல் 14 வாரம் வரையான கர்ப்பங்களின் இழையங்களிலிருந்து ஏறத்தாழ 70,000 கலங்களை ஒவ்வொன்றாக வாசித்து ஒரு வரைபடம் செய்தார்கள். கருப்பை என்.கே. கலங்கள் ஒரு வகையல்ல, மூன்று வகை என்று அதில் தெரிந்தது. அவற்றுள் சூல்வித்தகத்தோடு நேரடியாகப் பேசும் முதல் வகையில், குளுக்கோசை உடைக்கும் நொதியங்கள் மிகச் சுறுசுறுப்பாக இருந்தன. ஆக, ஓலை நெருப்பு எப்போதும் சண்டைக்கு மட்டுமல்ல, கட்டட வேலைக்கும் வேண்டியிருக்கிறது. அதே ஆண்டில் ஜெருசலேம் குழுவொன்று, முன்பு கர்ப்பம் தரித்த பெண்களின் கருப்பையிலுள்ள என்.கே. கலங்கள் அந்த அனுபவத்தை 'நினைவில்' வைத்திருந்து, அடுத்த முறை குருதிக்குழாய் வளர்க்கும் பொருட்களைக் கூடுதலாகச் சுரப்பதைக் கண்டது. தலைப்பிள்ளையில் பிரஷர் நோய் கூடுதலாக வருவதேன் என்ற பழைய கேள்விக்கு இது ஒரு விடையாகலாம்.

அப்படியென்றால் என்ன சாப்பிட வேண்டும்?

இதை வாசித்துவிட்டுச் சிலர், "இனிச் சீனியை விட்டுக் கொழுப்பைச் சாப்பிட்டால் பிள்ளை தங்குமோ" என்று கேட்கக்கூடும். என் தங்கையும் கேட்டாள். இல்லை. நீங்கள் இன்று குடித்த தேநீரில் எத்தனை கரண்டி சீனி என்பதை வைத்துக் கருப்பைக் கலம் தன் அடுப்பை மாற்றிக்கொள்வதில்லை. அது உள்ளூர்ச் சூழலைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. ஆனால் கட்டுப்படாத நீரிழிவு வேறு விடயம். கருத்தரிக்கும் வேளையில் குருதியில் குளுக்கோசு மிகுந்திருந்தால், கருச்சிதைவும் பிறவிக் குறைபாடுகளும் கூடும் என்பது உறுதியாகத் தெரிந்த உண்மை. நீரிழிவுள்ளவர்கள் எச்.பி.ஏ.1.சி. அளவை 6.5 வீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பின் கருத்தரிப்பது நல்லது. 10 வீதத்துக்கு மேலே என்றால் கட்டாயம் பொறுத்திருக்க வேண்டும். போலிக் அமிலம் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். நீரிழிவுள்ளவருக்கு அதன் அளவு வேறு. மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

அந்த அறிக்கைக்கு வருகிறேன். இரத்தத்திலுள்ள என்.கே. கலங்களும் கருப்பையிலுள்ளவையும் பெயரளவில்தான் ஒன்று. வீதியில் போகும் பொலிசாரை எண்ணி, வீட்டுக்குள் இருக்கும் கொத்தனாரின் குணத்தைச் சொல்ல முடியாது. ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கம் தன் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டலில், தொடர் கருச்சிதைவுக்கு இந்தப் பரிசோதனையையோ, அந்தப் பால்போன்ற திரவத்தையோ சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறியிருக்கிறது. அந்தத் திரவம் சோயா எண்ணெயும் முட்டை மஞ்சட்கருவின் கொழுப்பும் கலந்தது. வாயால் உண்ண முடியாத நோயாளருக்கு ஊட்டம் கொடுக்கச் செய்யப்பட்டது.

அதே வழிகாட்டல், இரண்டு கருச்சிதைவுகள் ஆனாலே பரிசோதிக்கத் தக்கவை எவை என்றும் சொல்கிறது. முதலாவது, இரத்தம் உறையச் செய்யும் பொஸ்போலிப்பிட் பிறபொருளெதிரிகள். இவை இருந்தால் அஸ்பிரினும் ஹெப்பாரினும் உண்மையாகவே உதவக்கூடும். அடுத்தது தைரொயிட். கருப்பையின் அமைப்பை ஸ்கான் செய்து பார்ப்பதும் அவசியம். இந்த மூன்றையும் என் பெறாமகளுக்கு யாரும் செய்திருக்கவில்லை! விலையுயர்ந்த பரிசோதனையைச் செய்தவர்கள், செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

இன்னுமொன்று. முன்பு கருச்சிதைவு ஏற்பட்டவருக்கு மறுபடி கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இரத்தக்கசிவு வந்தால் புரொஜெஸ்தரோன் மருந்து பயன்படக்கூடும். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆரி குமாரசாமி தலைமையில் 4,153 பெண்களிடம் செய்த ஆய்வு 2019 இல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் சிறிது. ஆனால் முன்பு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவு ஏற்பட்டவர்களில், வெற்று மருந்து எடுத்தவர்களுள் 57 வீதமானோரும், புரொஜெஸ்தரோன் எடுத்தவர்களுள் 72 வீதமானோரும் உயிருள்ள பிள்ளையைப் பெற்றார்கள். கசிவு கண்டால் வீட்டில் படுத்திருந்து யோசிக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இவ்வளவையும் என் பெறாமகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொன்னேன். ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவின் நிறமூர்த்தப் பிழையால் வருபவை, தாய் தின்றதாலோ நடந்ததாலோ பஸ்ஸில் போனதாலோ அல்ல என்பதையும் சொன்னேன். நான் ஓலை, புளியங்கட்டை என்று விளக்கியபோது முதன்முறையாகச் சிரித்தாள். பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அதுகள் என்ர பிள்ளைக்கு வழி வெட்டத்தான் நிண்டதுகளோ பெரியம்மா" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். இரண்டு வருடமாக அவள் அழவேயில்லையாம். தங்கை சொன்னாள்.

காப்புகள் அடகுக்குப் போகவில்லை. அரச வைத்தியசாலை கிளினிக்கில் தைரொயிட்டும் ஸ்கானும் பார்த்தார்கள். இரண்டிலும் குறையில்லை. பொஸ்போலிப்பிட் பிறபொருளெதிரி மட்டும் உண்டு என்று வந்திருக்கிறது. ஒருமுறை வந்ததை வைத்து நோயென்று சொல்ல மாட்டார்கள். குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் இருந்தால்தான் நோய். இரண்டாவது இரத்தம் எடுக்கும் திகதி அடுத்த மாதம் வருகிறது. வாசற்கதவுக்குப் பின்னால் தொங்கும் கலண்டரில் அவளே அதை வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.